தீக்குச்சிச் சட்டத்தால் போட்ட படம்

ஆலங்குளத்தில் கல் சுமக்கும் வேலை தீர்ந்துபோய் நடந்துகொண்டிருந்தேன். கால் கொப்பளித்ததும் சிவகாசி பஸ்ஸில் ஏறினேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் செய்தித்தாள் சுற்றிய பெரிய அட்டை.

"தீக்குச்சி அடுக்குன சட்டத்த அக்ரிலிக் பெயிண்டுல முக்கி, அட்டையில குத்தி எடுத்தேன் மதினி."

"தீப்பெட்டிக் கம்பெனியில மருந்துல முக்குறது பத்தலையாக்கும்? என்ன படம்டி அது?"

"உருவமே கெடையாது. புள்ளியும் கலரும்தான். டைரி அட்டைக்குப் பிடிச்சுப்போச்சுன்னா தொடர்ந்து ஆர்டர் தாரேன்னாக அச்சாபீஸ்ல."

காட்டுவதற்காகத் தாளைப் பிரித்தாள். பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது.

"அய்யோ! மேல காஞ்சிருந்துச்சே மதினி, உள்ள காயலையே!"

மதினி அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அழாதடி. அடியில பூசுன செவப்பு இப்பத்தான் தெரியுது. எம்புட்டு அழகு! இப்படியே கொண்டு போ."

"பிஞ்சுபோச்சும்பாகளே?"

"நீயே வேணும்னு பிச்சதாச் சொல்லு."

சிவகாசியில் இறங்கி அவர்கள் நுழைந்த அச்சகத்திலேயே நானும் வேலை கேட்டு, மறுநாள் காலை தாள்கட்டு சுமக்கச் சேர்ந்தேன். முதலாளி மெஷின்காரரிடம் அந்த அட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உரிஞ்ச எடத்துல செவப்பு கொஞ்சமும் மங்கக்கூடாதுப்பா."