சமைக்கும் நேரத்தில் வந்தவருக்கு

கல்முனைக் கடலோரத்து வீடுகளெல்லாம் குரலாலேயே அறிந்த குணவதியே! முப்பத்தொரு ஆண்டுகள் குடும்பநல உத்தியோகத்தராய்க் குடையும் கைப்பையுமாக ஒழுங்கையெல்லாம் நடந்த ஓய்வறியாப் பெருமாட்டியே! எங்கள் நதீரா மிஸ்ஸே! அஸ்ஸலாமு அலைக்கும்!

தரையோடு கிடந்த மூன்று கல் அடுப்பை மேடைக்கு ஏற்றி, அதற்கொரு புகைக்குழாயும் வைக்கச் செய்ய நீங்கள் பட்ட பாடு கொஞ்சமா! தவழும் பிள்ளை தணலில் கைவைக்காது, உடுப்பின் ஓரத்தில் நெருப்புப் பிடிக்காது, இருமல் குறையும் என்று வீடுவீடாகத் தொண்டை வற்றக் கதைத்தீர்கள். "ஓம் மிஸ், கட்டுவம்" என்றவர்களெல்லாம் கட்டினார்களா என்பது வேறு கதை.

அந்த வீடுகளில் ஒன்றின் தாயான பஸ்மினா கட்டினார். சமையல் முடிந்த பிறகே வீட்டுக்குப் போவது நமது மரியாதை. வந்தவரை விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி தருவது அவர்களது மரியாதை. இந்த இரண்டு மரியாதைக்கும் நடுவில் அடுப்பெரியும் குசினியை யாரும் பார்க்கவில்லை. மழை ஒழுகுகிறதென்று புகைக்குழாயின் வாயைச் சாக்கால் அடைத்திருந்தார்கள். அந்தப் புகைக்குள் ஏணைத் தொட்டிலில் கிடந்த அவரது ஐந்து மாதக் குழந்தை ஸம்றா, சளிச்சுரத்தில் கண்மூடி மௌத்தானாள். வைத்தியர் சொன்ன காரணங்களில் புகையும் ஒன்று.

"விறாந்தையில தேத்தண்ணி குடிச்சிட்டுப் போன நான், குசினிக்கும் வந்திரிக்கணும். என்ன மாப்புச் செய்யுங்க பஸ்மினா" என்று நீங்கள் அழுததை உடன் வந்த நாங்கள் கண்டோம்.

அவர் மறுபடி கருவுற்றார். மாரி மழையும் வந்தது, பாழாய்ப்போன சாக்கும் மறுபடி ஏறியது. இம்முறை நீங்கள் உலை கொதிக்கும் நேரம் பார்த்துப் போனதால்தான் அது கண்ணில் பட்டது. கணவர் றாஸிக்கை உள்ளே கூப்பிட்டு, "தம்பி, சோறு வேகுமட்டும் இதுக்குள்ள இரிங்க" என்றீர்கள். பாதியிலேயே இருமிக்கொண்டு வெளியே ஓடிய மனிதர், அன்றைக்கே சாக்கைப் பிடுங்கிவிட்டு மழை விழாதபடி தகரத்தில் மூடி செய்து மாட்டினார். அந்த முறை பிறந்த றுக்ஸானா இப்போது முதலாம் வகுப்பில் படிக்கிறாள்.

நீங்கள் ஓய்வு பெறும் நாளில் வாசிக்கும் இம்மடலுக்காக உங்கள் சாதனைகளைக் கேட்டோம். "என்னப் புகழ்றதெண்டா ஸம்றாட பேரையும் எழுதுங்க. இல்லாட்டி ஒண்டும் எழுத வேணாம்" என்றீர்கள். எழுதிவிட்டோம், மிஸ். மனம் கனத்துத்தான் எழுதினோம்.

நிறைந்த ஆயுளையும் நோயற்ற உடலையும் நிம்மதியான நித்திரையையும் வல்ல இறைவன் உங்களுக்கு அருள்வானாக! நாளை உலை வைக்கும் நேரத்துக்கு நாங்கள் வீடுகளுக்குப் புறப்படுகிறோம்.

உங்கள் பின்னால் நடக்கும்
சுகாதார நிலைய ஊழியர்கள்