நேரம் பார்த்தவன்

மெதுவாகவே சொல்கிறேன், மேடம். நீங்கள் இரண்டு விரலில் டைப் அடிக்கிறீர்கள்; எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் நான் சொன்னது மறந்துபோகும். குறையாகச் சொல்லவில்லை. பத்து விரலாலும் அடிக்கிறவளோடு குடும்பம் நடத்தியவன், கண் தானாக அங்கே போகிறது.

பெயர் சிவக்குமார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கணக்குப் பார்க்கிறேன். வீடு திருச்செங்கோடு ரோட்டில், ஊரைத் தாண்டி. மனை பிரித்துக் கல் நட்டதோடு சரி, வீடு கட்டியவன் நான் ஒருவன்தான். இருட்டினால் தூரத்தில் கோழிப்பண்ணை விளக்கு தெரியும், அவ்வளவுதான். அப்பா வடக்கே லோடு ஓட்டினார். அம்மா நான் சின்னப் பையனாக இருக்கும்போதே போய்விட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டை நானே திறந்து, விளக்கை நானே போட்டு வளர்ந்தவன். மதுமதி வந்த பிறகு, பட்டறையிலிருந்து திரும்பும்போது வீட்டுக்குள் வெளிச்சம் இருந்தது. அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளிடம்கூடச் சொன்னதில்லை.

அவள் கெங்கவல்லிக்காரி. டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்துவிட்டுத்தான் கல்யாணமாகி வந்தாள். சும்மா இருக்கிறாளே என்று பழைய மெஷின் ஒன்றை நான்தான் வாங்கிப்போட்டேன். சாயங்காலம் டீ குடித்துவிட்டு உட்கார்வாள். டைப் அடிக்கிறவர் கண் பாடத்தை விட்டு நகரக்கூடாது. கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு வரி போச்சு. அதனால் நேரம் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். 'ஸ்டார்ட்' என்பேன், 'ஸ்டாப்' என்பேன். நடுவில் பத்து நிமிடம் வீடு முழுக்க அந்தச் சத்தம். நான் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்தது அந்த நேரத்தில்தான்.

ஹையர் பாஸ் செய்தால் அரசாங்க டைப்பிஸ்ட் வேலைக்கு எழுதலாம் என்ற ஆசையை, இன்ஸ்டிடியூட் நடத்தும் சரிதா அவள் மனதில் போட்டுவிட்டார். "போஸ்டிங் எங்க வேணாலும் போடுவாங்களாமாங்க. ராமநாதபுரம், மெட்ராஸ்னு. தனியா ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கலாம்னு சரிதாக்கா சொல்றாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தனியா என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

அடுத்த நாள் 'ஸ்டாப்' சொல்லத் தாமதமாகிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். பார்த்தால் பதினொரு நிமிடத்தைத் தாண்டியிருந்தது. அவள் நிமிர்ந்து, "முடிச்சுட்டனுங்க. பத்துக்குள்ளயா?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆமாம் என்றேன். மறுநாளும் அப்படியே விட்டேன். வேகம் வந்துவிட்டது என்று நினைத்து, அவள் தப்பைக் குறைப்பதில் இறங்கினாள். நிதானமாக அடிக்க ஆரம்பித்தாள். அதற்குத் தகுந்தாற்போல் நானும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக் கொடுத்தேன். தாளில் ஒரு எழுத்து பிசகாது. அவ்வளவு சுத்தமான தாளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பரீட்சை ஹாலில் மணி அடித்தபோது பாடத்தில் பாதிக்குமேல் பாக்கி இருந்ததாம். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். "ஊட்ல நல்லாத்தானுங்க வருது. அங்க போனா மட்டும் ஏனுங்க கை ஓடமாட்டேங்குது?"

"பயம் சாமி. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினோம். மறுபடியும் தோற்றாள். பயம் போக டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் தூக்கம் தூக்கமாக வருகிறது என்பாள். தவறாமல் வெந்நீரோடு நானே கொடுத்தேன். மூன்றாவது தடவையும் போனது. தன் விரல்களைத் தானே வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பாவமாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன். அந்த மாதிரி நாட்களில் அவள் என் தோளில் சாய்ந்துகொள்வாள்.

பிறகு ஒருநாள் சரிதா தன் கடிகாரத்தை வைத்து அவளை அடிக்கவிட்டுப் பார்த்திருக்கிறார். "ஊட்ல நேரம் பாக்கறது ஆரு?" என்று கேட்டாராம். இது எனக்குப் பின்னால்தான் தெரியும். மதுமதி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரம் பார்க்கச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். "களைச்சு வந்திருக்கறீங்க, படுங்க" என்பாள். மெஷின் உறை போட்டபடியே கிடந்தது. அவள் இன்ஸ்டிடியூட்டில் பழகினாள். நான் பட்டறையிலிருந்து வரும்போது வீடு இருட்டாக இருந்தது. பூட்டை நானே திறந்தேன், மேடம். விளக்கை நானே போட்டேன்.

நாலாவது பரீட்சை அன்று காலையில் எங்கள் ஆம்னி வேனில் நான்தான் கூட்டிப்போவதாக இருந்தது. முன்சீட்டில் பட்டறைச் சாமான் வைத்திருந்தேன், அதனால் பின்னால் ஏறினாள். மல்லிகைப்பூ வைத்திருந்தாள். வலது கையால் கதவு ஓரத்துத் தூணைப் பிடித்துக் காலைத் தூக்கி வைத்தாள். கதவு சாத்திக்கொண்டது. இழுத்துச் சாத்துகிற கதவு, பாரமானது. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கிரீஸ் போட்டிருந்தேன். மூன்று விரல் நசுங்கிவிட்டது. உள்ளே கம்பி வைத்தார்கள். இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்த்துக்கொண்டது போல எவனும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். பட்டறைக்கு லீவு போட்டேன். சோறு பிசைந்து ஊட்டினேன். சேலைக்கு மடிப்பு வைத்துக் கொடுத்தேன். வீட்டில் எப்போதும் வெளிச்சம் இருந்தது. அவள் பேசுவதுதான் குறைந்துபோனது. வலி இருந்தால் யாரும் அப்படித்தான்.

ஒரு மத்தியானம் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கேட்டாள். "என்ற கை அங்க இருந்தத நீங்க பாக்கலீங்களா?"

பார்க்கவில்லை என்றேன். பின்னி முடிக்கும்வரை அசையாமல் இருந்தாள். மறுநாள் சரிதாவோடு கெங்கவல்லி பஸ் ஏறிவிட்டாள். உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததும் அங்கிருந்து வந்துதான்.

பார்த்தேன், மேடம். விரல்கள் தூணில் நன்றாகப் பதிந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கதவை இழுத்தேன். அதை அப்படியே அடித்துக்கொள்ளுங்கள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான்.