பிரபுவும் சிவப்புக் காரும்

லொங்குய்ய் போகும் மெட்ரோ ரயிலில், அருங்காட்சியகம் பார்த்துவிட்டு வந்த யாழ்ப்பாணத் தம்பதி ஒன்று என் எதிரே வந்து அமர்ந்தது. இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது.

“அந்தப் பிரபுவைப் பாத்தவுடனை எனக்கு உங்கடை மாப்பிள்ளைப் படம்தான் ஞாபகம் வந்தது” என்றார் மனைவி.

நான் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன்.

“எந்தப் பிரபு?” என்றார் கணவர்.

“செம்புத் தகட்டிலை கீறி அச்சடிச்ச படங்கள் இருந்ததே. அதிலை சுருள் முடியோடை இரும்புக் கவசம் போட்டு நிண்டவர். பின்னாலை தூணும் பட்டுத் திரையும்.”

“ஓமோம். சண்டைக்கே போகாத ஆளெண்டு எழுதியிருந்தது. ஆனா அந்தப் படம் நாடு நாடாப் போய், ஆளைக் காணாத சனமும் படத்துக்குப் பயந்ததாம்.”

“உங்கடை படமும் அப்பிடித்தானே, கலியாணம் பேசேக்கை இங்கையிருந்து ஊரிலை எங்கடை வீட்டுக்கு வந்தது! கோட்டும் ரையும் கட்டி, சிவப்புக் காரிலை கை ஊண்டி நிண்டியள். அம்மா அதை ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டினவ.”

கணவர் சிரித்தார். “கோட்டு என்னோடை இருந்த பெடியன்ரை. கார் கோட்-டெ-நெய்ஜ் றோட்டிலை ஆரோ விட்டிட்டுப் போனது. சொந்தக்காரன் வரமுன்னம் படத்தை எடுத்துப்போட்டு ஓடினனாங்கள்.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“படத்தைப் பாத்த அண்டைக்கே.”

அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. “பேந்து ஏன் கலியாணத்துக்கு ஓமெண்டனீர்?”

“எல்லாரும் காரைப் பாத்தவை. நான் உங்கடை கையைப் பாத்தனான். ஊண்டின மாதிரித்தான் இருந்தது. ஆனா ஆரின்ரையோ சாமான் எண்டு, கை காரிலை படாமல் தூக்கிப் பிடிச்சிருந்தியள்.”