அஞ்சு நிமிஷ நடை

— "துடிப்பான குடியிருப்பு"ன்னு போட்டிருக்கியே தம்பி, இங்க எது துடிக்குது? பதினோரு வருஷமா இந்த ஏரியாவுல வீடு வீடா ஏறி நாடி பிடிச்சுப் பாக்கறவ நான். எனக்குத் தெரியாம என்ன துடிச்சிடப் போகுது?

— அண்ணி, அது இந்த ஏரியாத் திட்டத்தோட பழைய ரிப்போர்ட். அந்த வார்த்தையை அடிச்சாச்சு. பிரஸ்ல இருந்து புதுசு இப்பதான் வந்திருக்கு. இருங்க, கட்டைப் பிரிக்கிறேன்.

— என்னது இது, சாவியை வச்சா பிரிக்கிறே?

— இது எந்தப் பூட்டுச் சாவின்னே தெரியல அண்ணி. வேலைக்குச் சேர்ந்த புதுசுல இருந்து கொத்துல கிடக்கு. தூக்கிப் போடவும் மனசு வரல. கட்டு பிரிக்கத் தோதா இருக்குன்னு வச்சிருக்கேன்.

— நகரசபையில திட்ட அதிகாரி. ஒரு கத்தி வாங்க வக்கில்ல. உங்க அண்ணன் பரவாயில்லைன்னு ஆயிடுச்சு.

— விளையாடாதீங்க அண்ணி. இப்ப மணி மூணேகால். நாலு மணிக்கு நகரசபைத் திட்டக் குழுவுல இருந்து ஒரு ஆள் இதே சி பிளாக் வாசலுக்கு வராங்க. ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு நடந்து பாப்பாங்களாம். அதுக்கு முன்னாடி உங்க கண்ணுல ஒரு தடவை பட்டுடட்டும்னுதான் டூட்டிக்கு நடுவுல கூப்பிட்டேன்.

— நடந்து பாக்கறதுக்கு என்ன இருக்கு?

— அதாவது, ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. குழுத் தலைவர் சிவப்பு மையில எழுதியிருந்தார். "ஒவ்வொரு பெரிய வார்த்தைக்குக் கீழயும் நான் போய்த் தொட்டுப் பாக்கற மாதிரி ஒண்ணு இருக்கணும். இல்லைன்னா வார்த்தையை எடுத்துடுங்க"ன்னு. இது மூணாவது தடவை. இதுவும் போச்சுன்னா வெளிக் கம்பெனி போட்ட திட்டத்தை எடுத்துப்பாங்க.

— எடுத்துக்கட்டுமே. யார் போட்டா என்ன, ரோடு ரோடுதானே?

— அந்தத் திட்டத்துல உங்க கிளினிக்கே இல்ல அண்ணி. பெரிய ஆஸ்பத்திரியோட சேத்துடறாங்க. இங்கேருந்து ரெண்டு பஸ் மாறணும்.

— இதை முதல்லயே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? கொடு இங்க. எங்க ஆரம்பிக்குது? "அனைவரையும் உள்ளடக்கிய." அடேயப்பா. இதுக்குக் கீழ என்ன வச்சிருக்கே?

— பக்கம் ஆறு. லைப்ரரி வாசல்ல மூணு படி. சரிவுப் பாதை இருக்கு, ஆனா செங்குத்து. ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னெண்டு அடி நீளமாவது வேணும், அங்க அஞ்சடிதான் இருக்கு. வீல்சேர்ல நானே உக்காந்து ஏறிப் பாத்தேன். பாதியில பின்னாடி உருண்டுட்டேன்.

— போன மாசம் கிளினிக் வீல்சேர் ஒண்ணு ரெண்டு நாள் காணாமப் போச்சே.

— கேட்டுட்டுத்தான் எடுத்தேன். வாட்ச்மேன்கிட்ட.

— அவன் என்கிட்ட திருடன் வந்துட்டான்னு சொன்னான். சரி, அப்புறம்? "பாதுகாப்பான."

— மொத்தம் முப்பத்தியொரு விளக்குக் கம்பம். அதுல ஒன்பது எரியல. ஒவ்வொரு கம்பத்தோட நம்பரும் பின்னாடி இருக்கு. லாண்டரிக் கடை திருப்பத்துல வரிசையா மூணு.

— அந்தத் திருப்பத்துல நான் போனை எடுத்து யார்கிட்டயோ பேசற மாதிரி பாவனை பண்ணிக்கிட்டுத்தான் போவேன். எந்த நம்பர்?

— இருபத்திரண்டு, இருபத்திமூணு, இருபத்திநாலு.

— ம். சரியா வச்சிருக்கே. "பசுமை"?

— அதைப் படிங்களேன். நானே சொன்னா பெருமை அடிச்சுக்கிற மாதிரி இருக்கும்.

— "இருபத்தாறு மரங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு நிழல் விழும் இடங்கள் சாக்பீஸால் குறிக்கப்பட்டன. பேருந்து நிறுத்த இருக்கை வெயிலில் உள்ளது. நான்கு மீட்டர் கிழக்கே நகர்த்தினால் வேப்ப மர நிழலில் வரும்." இதை நீயா பண்ணினே? வெயில்ல நின்னு?

— மூணு நாள்.

— ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னா தலைவலின்னு படுத்துக்கற ஆளு நீ. பக்கம் பதினாலு என்ன, பெஞ்சா?

— ஆமா. ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்ச பெஞ்சு. இப்ப இருக்கிறது எதுக்கும் கைப்பிடி கிடையாது. வயசானவங்க உக்காந்துடறாங்க, எழுந்திரிக்கத்தான் முடியல. பார்க்குல ஒரு நாள் பூரா உக்காந்து பாத்தேன். பதினெட்டுப் பேர் அடுத்தவங்க கையைப் பிடிச்சு எழுந்தாங்க.

— தம்பி, எனக்கு நிஜமாவே சந்தோஷமா இருக்கு. வாயால சொல்றதைக் கையால தொட வச்சிருக்கே. உங்க அண்ணன்கிட்ட ராத்திரி படிச்சுக் காட்டறேன்.

— கடைசி வார்த்தை பாக்கி இருக்கு. "இணைப்பு."

— "சி பிளாக்கிலிருந்து கிளினிக்குக்கு ஐந்து நிமிட நடை." இதை எப்படி அளந்தே?

— மேப்ல. முந்நூத்தி எண்பது மீட்டர். ஸ்கேல் வச்சு.

— ஸ்கேலுக்குக் கால் முளைச்சிருக்கா? நான் தினமும் நடக்கறேன். பத்தொன்பது நிமிஷம்.

— வாய்ப்பே இல்ல அண்ணி. பிளாக்குக்குப் பின்னாடி சுவர்ல ஒரு இரும்புக் கதவு இருக்கு. அதைத் தாண்டினா நேரா கிளினிக்கோட பின்பக்கம்.

— கதவு இருக்கு. பூட்டும் இருக்கு. நான் மெயின் ரோடு வரைக்கும் போய், பெட்ரோல் பங்க்கைச் சுத்தி, திரும்பி வரேன். எல்லாத்தையும் நடந்து பாத்தவன் இதை மட்டும் ஏன் நடக்கல?

— அங்க கதவு இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதனால போய்ப் பாக்கணும்னே தோணல.

— எப்படித் தெரியும்?

— எப்படின்னா... தெரியும். மனசுல இருக்கு.

— எழுந்து வா. மனசுல இருக்கிறதைக் கண்ணால பாரு. இப்படி, சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னாடி. குழியில கால் வைக்காதே. இந்தா, உன் கதவு.

— இது... கொடியெல்லாம் ஏறிக் கிடக்குதே.

— ஆறு வருஷம்னா கொடி ஏறாதா? போர்டைப் படி.

— "குழாய் பதிக்கும் பணி காரணமாகத் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது. இரண்டு வாரம்."

— அந்த ரெண்டு வாரம் இன்னும் முடியல. முதல் வருஷம் நான் தினமும் வந்து தள்ளிப் பாத்துட்டுப் போவேன், இன்னைக்காவது திறந்திருக்கான்னு. ரெண்டு தடவை நகரசபைக்கு எழுதிப் போட்டேன். "பரிசீலனையில் உள்ளது"ன்னு பதில் வந்துச்சு. அதுவும் ஒரு பெரிய வார்த்தைதான், தெரிஞ்சுக்கோ.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி.

— வீட்டுல ஆபீஸ் பேசினா உனக்கு முகம் சுருங்கும். பொங்கிப் பொங்கி நானும் விட்டுட்டேன். கால் பழகிடுச்சு. ஆனா என்கிட்ட வர பேஷண்ட்டுக்குப் பழகல. இந்த பிளாக்குல எட்டுப் பேர் கிளினிக்குக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. மூணாம் மாடி டீச்சருக்கு ரெண்டு வருஷமா நான்தான் வீட்டுக்குப் போய்க் கால் கட்டு மாத்தறேன். லிஃப்ட்ல இறங்கி வாசல் வரைக்கும் வருவாங்க. அங்கேருந்து பத்தொன்பது நிமிஷம்னா யாரால ஆகும்?

— யார் இப்படிப் பூட்டிட்டு மறந்துட்டுப் போனது? சரியான பொறுப்பில்லாத ஆளு. கீழ பேர் இருக்கணுமே. இந்த நோட்டீஸைக் கிழிங்க, "ரூம் வாடகைக்கு"ன்னு மேல ஒட்டியிருக்கான் பாருங்க.

— இரு, நகத்தால சுரண்டறேன். வருது, வருது. தேதி இருக்கு. கையெழுத்து இருக்கு. தம்பி...

— என்ன?

— இந்த வால் நீட்டின கையெழுத்தை நான் பாத்திருக்கேன். என் கல்யாண ரிஜிஸ்டர்ல மாப்பிள்ளை பக்கம் சாட்சியா இருக்கே, அதே வால்.

— சேர்ந்த முதல் மாசம் அண்ணி. குழாய் வேலைன்னு பதினெட்டுக் கதவை மூடற நோட்டீஸை நீட்டினாங்க. வரிசையா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பதினேழு கதவைத் திறந்துட்டாங்க போல. இது ஒண்ணு... அதான் எனக்குக் கதவு ஞாபகம் இருக்கு. ஆறு வருஷமா நீங்க சுத்தினது என்னாலதானா?

— போகப் பதினாலு நிமிஷம் கூடுதல், வரப் பதினாலு நிமிஷம். கணக்குப் போடாதே, அழுதுடுவே.

— எனக்கு உங்க முகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்கு.

— வெக்கப்படறதை வீட்டுக்குப் போய் வச்சுக்கலாம். மணி மூணேமுக்கால். இப்ப என்ன பண்ணப் போறே?

— அந்த வார்த்தையை அடிச்சுடறேன். "இணைப்பு"ன்னு போட எனக்கு யோக்கியதை இல்ல.

— அடிச்சா? நாளைக்கும் நான் பெட்ரோல் பங்க்கைச் சுத்தித்தான் போகணும். எதுக்கு வார்த்தையை எடுக்கறே? பூட்டை எடு.

— ஆபீஸுக்குப் போய்ச் சாவி தேடி எடுத்துட்டு வர ஒரு மணி நேரம் ஆகும். அது இருக்குதோ இல்லையோ.

— பூட்டுல ஏதோ நம்பர் அடிச்சிருக்கு பாரு. பதினேழு.

— பதினேழா? இருங்க... அண்ணி, இந்தக் கட்டு பிரிக்கிற சாவியில...

— காட்டு. பதினேழு. அடப்பாவி, ஆறு வருஷமா என் வழியை இடுப்புல செருகிக்கிட்டு அலைஞ்சிருக்கியே.

— நுழையுது. திரும்ப மாட்டேங்குது. துரு.

— நகரு. என் பையில வாசலின் இருக்கு. புண்ணுக்குப் போடறது, பூட்டுக்கும் போடலாம். உள்ள நல்லாத் தடவிக்கறேன். இப்பத் திருப்பு. மெதுவா, உடைச்சுடாதே. ஊசி போடற மாதிரி.

— திரும்புது. திரும்பிடுச்சு அண்ணி.

— தள்ளு. ரெண்டு பேருமா. அந்தக் கொடியை அறுத்து விடு. அம்மாடி, கிளினிக் வாட்டர் டேங்க் இங்கேருந்தே தெரியுது பாரு.

— சிஸ்டர், நீங்க இங்கயா இருக்கீங்க? வாசல்ல பாத்தேன், ஒருத்தரையும் காணோம். கதவு கிறீச்சிட்ட சத்தம் கேட்டு வந்தேன்.

— டீச்சர், தடியை ஊனிக்கிட்டு இவ்வளவு தூரம் ஏன் வந்தீங்க? தம்பி, இவங்கதான் நான் சொன்ன மூணாம் மாடி டீச்சர். உங்களுக்குக் கட்டு மாத்தறது நாளைக்குத்தானே டீச்சர்?

— கட்டுக்கு வரல. நாலு மணிக்கு வாசல்ல நிக்கச் சொல்லி லெட்டர். திட்டத்தை நடந்து பாத்துச் சொல்லணுமாம்.

— குழுவுல இருந்து வர ஆள் நீங்களா டீச்சர்? நான் யாராவது அதிகாரி வருவாங்கன்னு...

— நீங்கதான் பிளான் போட்ட இன்ஜினியரா? குழுத் தலைவர் என்கிட்ட ஏழாம் வகுப்புல கணக்குப் படிச்சவர். அந்தச் சிவப்பு மையும் என்கிட்ட பிடிச்ச பழக்கம்தான். "டீச்சர், நான் நடந்தா அஞ்சு நிமிஷம் வந்துடும். நீங்க நடந்து சொல்லுங்க"ன்னார். சரி, இந்தக் கதவு எப்ப திறந்தது?

— இப்பதான். ரெண்டு நிமிஷம் ஆகுது.

— மூடினது யாரு?

— தம்பி, நான் சொல்றேன். குழாய் வேலைக்காரங்க—

— இல்ல அண்ணி. நான்தான் டீச்சர். என் கையெழுத்து. ரெண்டு வாரத்துக்குன்னு மூடினேன், ஆறு வருஷம் மறந்துட்டேன். சாவியும் என்கிட்டயேதான் இருந்துச்சு. நடக்காமலே அஞ்சு நிமிஷம்னு எழுதிட்டேன். நீங்க வேண்டாம்னு எழுதினாலும் நியாயம்தான்.

— முப்பத்திரண்டு வருஷம் பாடம் எடுத்தேன். தப்பு பண்ணினவன் தானா எழுந்து நின்னதை விரல் விட்டு எண்ணிடலாம். சிஸ்டர், இவர் உங்களுக்கு என்ன வேணும்?

— என் கொழுந்தன் டீச்சர். பூட்டினதும் இவன்தான், திறந்ததும் இவன்தான். மூணு நாள் வெயில்ல நின்னு நிழலுக்குக் கோடு போட்டவனும் இவன்தான். எங்க வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிக்க எனக்கு ஒரு குறையும் இல்ல.

— நல்லது. முதல்ல வாசலுக்குப் போவோம். ரிப்போர்ட்ல அங்கேருந்துதானே இருக்கு? என் வாட்சுல நேரம் பாக்கறேன். யாரும் என் கையைப் பிடிக்கக்கூடாது.

— மெதுவா டீச்சர்.

— அவசரப்பட்டா கணக்கு தப்பாயிடும். ம், வாசல். மணி நாலு ஆறு. ஆரம்பிக்கிறேன். இந்தக் குழியைக் குறிச்சுக்கோங்க இன்ஜினியர், சைக்கிள் ஷெட் பக்கம்.

— குறிச்சுட்டேன். வாசல்லேருந்து எழுபதடி.

— கதவு தாண்டியாச்சு. இங்க ஒரு பெஞ்சு இருக்கே. கொஞ்சம் உக்காந்துக்கறேன்... ம். இப்ப எழுந்திரிக்க முடியல. எவன் போட்டான் இதை, கைப்பிடி இல்லாம?

— பக்கம் பதினாலு டீச்சர்.

— எழுதியிருக்கியா? சபாஷ். சிஸ்டர், கை கொடுங்க. இது ஒரு தடவைதான், கணக்குல சேராது.

— சேரும் டீச்சர். நான் எழுதிக்கறேன்.

— எழுதிக்கோ. அந்தக் கம்பிக்கேட்டுதானே? கிளினிக் பின்வாசல். ஆங்... வந்தாச்சு.

— டீச்சர், மூச்சு வாங்குது உங்களுக்கு. இந்த நாற்காலியில உக்காருங்க, பிரஷர் பாத்துடறேன்.

— எவ்வளவு ஆச்சு டீச்சர்?

— ஒன்பது நிமிஷம்.

— அப்ப தப்பு. நான் அஞ்சுன்னு போட்டிருக்கேன்.

— தப்புதான். அஞ்சை அடி. ஒன்பதுன்னு எழுது. எழுபத்திரண்டு வயசுக் காலுக்கு, கையில தடியோடன்னு எழுது. நடுவுல ஒரு தடவை உக்காந்தேன், எழுந்திரிக்க ஒரு கை வேண்டியிருந்துச்சு. அதையும் விடாதே. கீழ நான் கையெழுத்துப் போடறேன்.

— "இணைப்பு"ங்கிற வார்த்தையை என்ன பண்ணட்டும் டீச்சர்? எடுத்துடவா?

— ரெண்டு வருஷமா இந்தக் கிளினிக்தான் என் வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்கு நான் கிளினிக்குக்கு வந்திருக்கேன், என் கால்ல நடந்து. இனி நீ எவ்வளவு பெரிய வார்த்தை வேணாலும் போட்டுக்கோ.