ஓரக் கூர்கள்

பிளாஸ்டர் கலக்கும்போது காற்று புகுந்துவிட்டால் அச்சில் அரிசிமணி மாதிரி புடைப்பு வரும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதை அரத்தால் ராவி எடுத்துவிட வேண்டும். விட்டால் பல்செட் ஈறைக் குத்தும். புக்கிட் ரம்பாயில் பதினெட்டு வருடமாகப் பல்செட் செய்கிறேன். ஜெயமணி செய்த செட் குத்துகிறது என்று ஒருத்தர் திரும்பி வந்ததில்லை.

அந்தச் சுறாப்பல் செர்காமில் கிடைத்தது, கடலோரத்தை நிரப்ப அள்ளிக் குவித்திருந்த கடல்மணலில். என் உள்ளங்கை அகலம், தார் நிறம், கல்லாகிப்போன பல். அதன் அருமையை எனக்குச் சொன்னவன் என் தங்கை ஷாந்தினியின் புருஷன் காந்தன். ஆயர் குரோவில் சயின்ஸ் வாத்தியார். பழைய எலும்பு, கிளிஞ்சல் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அவன் கொடுத்த புத்தகத்தை வைத்துத்தான் இனம் பார்க்கப் பழகினேன். விளிம்பு ரம்பமா மழமழப்பா, வேர் எவ்வளவு தடிப்பு, வேருக்கு மேலே கரும்பட்டை உண்டா, இரு ஓரத்திலும் குட்டிக் கூர்கள் உண்டா என்று பார்க்க வேண்டும். என் பல்லில் விளிம்பு மழமழப்பு, வேர் தடிப்பு, பட்டை உண்டு, ஓரக் கூர் இல்லை. அப்படி ஒரு சுறா புத்தகத்தில் எங்குமே இல்லை.

கோலாலம்பூரில் ஒரு பேராசிரியருக்குப் படம் அனுப்பினேன். அழிந்துபோன புது இனமாக இருக்கலாம், நேரில் கொண்டு வாருங்கள், உறுதியானால் உங்கள் பெயரையே வைக்கலாம் என்று பதில் போட்டார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய முனுசாமியின் மகன் பெயர், ஒரு சுறாவுக்கு. அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். சிரிக்காதீர்கள்.

ஞாயிறு மத்தியானம் காந்தன் பட்டறைக்கு வந்தான். அதே மணல்மேட்டில் அவனுக்கும் ஒரு பல் கிடைத்திருந்தது. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தான். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. அவன் பல்லில் மட்டும் இரு ஓரத்திலும் அரிசிமணி அளவுக்குக் கூர்.

"மச்சான், ஒன் பல்லுல கூர் இருக்க வேண்டிய எடத்துல அரம் ஓட்டின கோடு இருக்கு லா. சுத்தம் பண்றேன்னு நீயே ராவிட்டியா?"

"ஒட்டியிருந்த மண்ணதான் எடுத்தேன்."

"மண்ணு இல்ல மச்சான், அதான் அடையாளமே. இந்தச் சுறா புத்தகத்துலயே இருக்கு, பாரு. பரவால்ல விடு, பேராசிரியருக்கு நானே போன் போட்டு சொல்லிடறேன். நீ கூச்சப்படாத."

சிரித்தான். கேலியில்லை, பாசமாகத்தான் சிரித்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

லென்சை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தான். அச்சை இறுக்குகிற பித்தளைப் பெட்டி என் கையருகே இருந்தது. ஒன்றரைக் கிலோ. பின்மண்டையில் அடித்தேன். நிமிர்ந்து பார்த்து, "மச்சான்" என்றான். இன்னும் மூன்று அடி அடித்தேன். கோபம் வந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள், பொய் எதற்கு.

செத்தவனை அடையாளம் காட்டுவது பல்தான், எனக்குத் தெரியாததா? குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கடைவாய்ப்பல் இரண்டு மட்டும் எலும்புத் துண்டோடு வந்தன. நிதானமாகத்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மணல் லாரி ஓடாது. வேனில் கொண்டுபோய் வெயில் இருக்கும்போதே அந்த மேட்டில் புதைத்தேன். திரும்பி வந்ததும் ஷாந்தினி போன் செய்தாள்.

"அண்ணே, அவரு அங்கதானே வந்தாரு? சாப்பிடக்கூட வரல."

"இங்க வரலம்மா. வந்தா அனுப்பறேன்" என்றேன்.

மூன்றாம் நாள் மணல் அள்ள வந்தவர்கள் உடம்பைக் கண்டார்கள். சட்டையைப் பார்த்ததுமே ஷாந்தினி அவன்தான் என்று சொல்லிவிட்டாள். சட்டையை நான் யோசிக்கவே இல்லை.

பற்களை வீச எனக்கு மனம் வரவில்லை. கழுவி, பஞ்சு வைத்த டப்பாவில் சுறாப்பல்லோடு போட்டு வைத்திருந்தேன். அதைத்தான் உங்கள் ஆட்கள் எடுத்தார்கள்.

காந்தனைக் கொன்றது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. சுறாப்பல்லை நான் ராவியதாக எழுதியிருக்கிறீர்கள். மண்ணைத் தவிர அதிலிருந்து நான் எதையும் எடுக்கவில்லை. பிறவியிலேயே கூர் இல்லாத இனம் அது. காந்தனின் பற்களிலும் அதே அரம் ஓட்டிய கோடு இருக்கிறது என்கிறீர்கள். அது வேறு. அவை குத்துகிற மாதிரி இருந்தன, சுத்தம்தான் செய்தேன்.