றேமண்டுக்கு நான் கொடுத்த பயிற்சி

காலையில் பிளேன்டீ குடிப்பதற்கு முன்பே நான் கிற்றாரில் ஸ்கேல் வாசித்து முடித்துவிடுவேன். வெள்ளவத்தையில் காலி வீதி பஸ்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கும் நேரத்தில், பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு விளங்காத ஸ்கேல்களில் என் விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பல் துலக்குவதைப் பற்றி யாரும் பெருமைப்படுவதில்லை.

பிறெடியின் இசைக்குழுவில் லீட் கிற்றார் நான். பிறெடி கீபோர்ட் வாசிப்பவர். கல்யாணங்களுக்கும் ஹோட்டல் விருந்துகளுக்கும் எங்களைக் கூட்டிப் போவார். போன வருடம் றிதம் கிற்றார் வாசிக்க றேமண்ட் என்றொருவனைச் சேர்த்தார். கொட்டாஞ்சேனைக்காரன். ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றமொன்றில் பாரம் தூக்கும் போக்லிஃப்ட் ஓட்டுகிறவன். மாதா கோயில் பாட்டுக்குழுவில் கேட்டுக் கேட்டே கிற்றார் பழகியிருந்தான். என்ன ஸ்கேல் வாசிக்கிறாய் என்று கேட்டால், விரல் நிற்கும் இடத்தைக் காட்டிச் சிரிப்பான். சிலருக்கு அறியாமைகூட அழகாகப் பொருந்திவிடுகிறது.

தெஹிவளையில் ஒரு கல்யாணம். பாட்டின் நடுவில் என் கிற்றார்க் கம்பி அறுந்தது. பிறெடி றேமண்டைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் வாசித்தது ஒரு சோலோவே அல்ல. நாலைந்து சுரங்கள், கடைசிச் சுரத்தை மட்டும் விடாமல் பிடித்து, அது தானாகத் தேய்ந்து போகும்வரை நடுங்கவிட்டான். மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். வீடியோ எடுப்பவன் கமராவை இறக்கிவிட்டு வாய் பார்த்தான். கல்யாண வீட்டுக்கு வருகிறவர்களின் ரசனை எனக்குத் தெரிந்ததுதான்.

அடுத்த ஒத்திகையில் பிறெடி என்னிடம் சொன்னார்: "உமாசுதன், ஸ்பீட் பாட்டெல்லாம் நீங்களே வச்சிருங்க. மெலடிய றேமண்ட் செய்யட்டும். ஆக்கள் கேக்கிறாங்க."

ஆக்கள்.

றேமண்ட் கர்வப்பட்டிருந்தால் நான் மறந்திருப்பேன். அவனோ ஒத்திகை முடிந்ததும் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தான்.

"அண்ணன், எனக்கு ஸ்கேல் ஒண்ணும் தெரியாது. ஒங்கள மாதிரி வாசிக்கணும். காட்டித் தாறீங்களா?"

காட்டித் தந்தேன். ஞாயிறுதோறும் பூசை முடிந்து என் பிளாட்டுக்கு வருவான். பட்டியை இறக்கி, கிற்றாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிடச் சொன்னேன். அப்போது மணிக்கட்டு நன்றாக மடியும். தடித்த கம்பி போடச் சொன்னேன். கையைச் சூடாக்காமல், எழும்பியவுடனே விரல்களை அகல விரித்து வாசிக்கச் சொன்னேன். பஸ்ஸில் இருக்கும்போது இறப்பர் பந்தை நசுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை கீழ்ப்படிவை நான் மனிதர்களிடம் கண்டதில்லை.

ஒரு ஞாயிறு கையை உதறிக்கொண்டு வந்தான். "அண்ணன், எடது கையில சின்ன வெரலும் மோதிர வெரலும் வெறைக்குது. ராவைக்குத் தூக்கமில்ல."

"அப்ப சரியாத்தான் செய்யிறீர்," என்றேன். "விறைப்புக்குள்ளால போனாத்தான் வேகம் வரும். இப்ப நிப்பாட்டினா எல்லாம் வீண்."

அவன் நிறுத்தவில்லை. பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு வாசித்தான். வேகமும் வந்தது. அந்த நாலைந்து சுரங்களின் நடுக்கம் போய்விட்டது, அதையும் கவனித்தேன்.

வைகாசியில் அவன் கையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். நரம்பு நசிந்து நெடுநாளாகிவிட்டது, இனித் திரும்பாது என்றார்களாம். இரண்டு விரல்களும் நிமிரவில்லை. போக்லிஃப்ட் ஓட்ட முடியாமல் வேலையும் போனது. அதை நான் திட்டமிடவில்லை. சட்டைப் பொத்தானை மனைவிதான் பூட்டிவிடுகிறாளாம். இதையும் அவனே, கேக் பெட்டியொன்றோடு வந்து சொன்னான். "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க அண்ணன். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

கேக் நன்றாயிருந்தது.

கைக்குப் பயிற்சி எடுக்க அவனை அனுப்பிய இடத்தில் ஷிம்னா என்ற பிசியோதெரபிஸ்ட் இருந்தார். சில வருடங்களுக்கு முன் என் இடது கையும் விறைத்தது. அதைக் காப்பாற்றியவர் அவர்தான். றேமண்ட் நன்றியோடு என் பெயரை எடுத்திருக்கிறான். அன்று மாலையே அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"பட்டிய ஒசத்துங்க, மெல்லிய கம்பி போடுங்க, கைய சூடாக்குங்க, வெறைச்சா ஒடன நிப்பாட்டுங்கன்னு ஒங்களுக்கு நான்தானே சொன்ன. அவருக்கு எல்லாத்தையும் தலைகீழா சொல்லி இருக்கீங்க. மறந்துட்டீங்களா?"

அவர் எனக்கொரு வழி விட்டுத் தந்தார். ஓம், மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பயிற்சி விஷயத்தில் நான் கவனமில்லாதவன் என்று ஒருவர் நினைப்பதை என்னால் பொறுக்க முடியாது.

"இல்ல மிஸ்," என்றேன். "நீங்கள் சொன்ன ஒண்டையும் நான் மறக்கேல்ல. ஒவ்வொண்டா யோசிச்சுத்தான் மாத்திச் சொன்னனான்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

பிறெடிக்கும் இப்போது தெரியும். என்னோடு கதைப்பதில்லை. கதைக்காமல் இருக்கட்டும். ஒரு விஷயத்தை மட்டும் அவர்கள் யாரும் யோசிப்பதில்லை: என்னிடம் வரும்போது றேமண்டுக்கு ஒரு ஸ்கேல்கூடத் தெரியாது. இன்று அவனுக்கு எல்லா ஸ்கேலும் மனப்பாடம்.