சிலுவை குத்திய குழல்

அலுமினியம் கடையும்போது மண்ணெண்ணெய் தொட்டுக்கொள்ள வேண்டும், சார். இல்லாவிட்டால் உளி முனையில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்துவிடும். அதனால்தான் என் சட்டையில் இந்த வாடை. வேண்டுமானால் ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள்.

ஆவூரில் என் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பழைய லேத் இருக்கிறது. பைக்கில் கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கிற குழலைக் கடைந்து கொடுப்பேன். எதைச் செய்தாலும் வண்டியில் மாட்டி, மாதா கோயில் வாசல் வரை நானே ஓட்டிப் பார்ப்பேன். சரியாக இருந்தால் அதில் ஒரு சின்னச் சிலுவை குத்துவேன். சிலுவை இருந்தால் ஜெரால்டு ஓட்டிப் பார்த்த சாமான் என்று அர்த்தம். பதினாறு வருடப் பழக்கம்.

யூடியூப்பில் பைக் வீடியோ போடுகிற கந்தர்வக்கோட்டை செம்மலுக்கும் அப்படித்தான் ஒரு குழல் கொடுத்தேன், பதினோரு நாள் வேலை. அடுத்த மாதம் ஒரு வீடியோவில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சிலுவையை அரத்தால் ராவி எடுத்திருந்தான். “இது நானே எங்க வீட்டுல கடைஞ்சதுங்க” என்றான். லேத் எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரியாத பயல். லட்சம் பேர் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போதும் எரிகிறது, அதை மறைக்கவில்லை.

வைகாசியில் வேறொரு வண்டியோடு வந்தான். “அண்ணே, அதே மாரி இன்னொண்ணு வேணுங்க” என்று பல்லைக் காட்டினான். வண்டியை விட்டுப் போகச் சொன்னேன்.

குழலின் முகத்தை மயிரிழை அளவு கோணலாகக் கடைந்தேன். போல்ட்டை இறுக்கினால் கார்புரேட்டர் லேசாக முறுக்கிக்கொள்ளும். ஆறிய வண்டியில் ஒன்றும் தெரியாது. இருபது நிமிடம் ஓடிச் சூடேறினால், திருகிய ஆக்ஸிலேட்டர் திரும்பாது. கோயில் வாசலுக்கு ஓட்டவில்லை. சிலுவையை மட்டும் குத்தினேன், இந்த முறை அரம் நுழையாத பள்ளத்தில்.

வண்டியை எடுக்க அவன் மனைவி மோகனப்ரியாவின் ஸ்கூட்டியில் மூன்று பேராக வந்தார்கள். மகள் இலக்கியாவுக்கு ஏழு வயது. பைக்கில்தான் வருவேன் என்று அடம்பிடித்தாள்.

“புள்ளைய அம்மாவோடயே அனுப்புங்க தம்பி” என்றேன். நான் கெட்டவன் இல்லை, சார்.

அவன் குனிந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தான். “அதான் சிலுவ குத்தியிருக்கீங்கள்லண்ணே, அப்பறம் என்ன பயம்?” என்று சிரித்து, அவளைத் தூக்கி டேங்கின் மேல் உட்கார வைத்தான்.

இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பான். கொட்டகையைச் சாத்தினேன்.

கீரனூர் போகிற வழியில் ஒரு வளைவில் ஆக்ஸிலேட்டர் மாட்டிக்கொண்டது. எதிரே செங்கல் லாரி. இரண்டு பேரும் அங்கேயே போய்விட்டார்கள். மோகனப்ரியா பின்னால் ஸ்கூட்டியில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

விழுந்து கையை உடைத்துக்கொள்வான், பயந்துபோய் உண்மையைச் சொல்வான் என்றுதான் நினைத்தேன். கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தில் ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும். குழலில் குறைபாடு இருந்ததாகப் போட்டிருக்கிறீர்கள். என் வேலையில் குறை இருந்ததே இல்லை. எந்த வளைவில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கடைந்தேனோ, சரியாக அந்த வளைவில்தான் மாட்டிக்கொண்டது.